தேரன்று கடை இல்லை

முரளி, இந்த வருஷம் தேரன்று நான் கடை போடவில்லை. தேர்ப்பேட்டை முக்கில் முப்பது வருஷமாக நான் வாழைப்பழம் விற்கிற இடத்தை அந்த ஒரு நாளைக்குப் பொரிக்கடை பஷீருக்கு விட்டுக் கொடுத்துவிட்டேன். நேற்று சாயங்காலம் பேசி முடித்தாயிற்று. உன் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஒடம்புக்கு என்னங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏன் என்பதைப் போனில் சொல்ல எனக்கு வராது. போனில் நான் வியாபாரம் மட்டுமே பேசிப் பழகியவன். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போனால் எதிராளி எதையோ மறைக்கிறான் என்று தோன்றிவிடும். அதனால் எழுதுகிறேன். ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து படி. சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற நேரத்துக்குள் படித்து முடித்துவிடலாம்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அபார்ட்மென்ட் குழுவில் யாரோ போட்ட பட்டியல் அது. பெங்களூரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய திருவிழாக்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழா இருந்தது, மாங்கனிக் கண்காட்சி இருந்தது, நாலாவதாக நம் ஊர்த் தேர் இருந்தது. பக்கத்தில் ஒரு தேர்ப்படமும், "மலைக்கோயில், பானகம், கோசம்பரி இலவசம்" என்று ஒரு குறிப்பும். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா, நாங்க மூணு குடும்பம் ஒரு வேன்ல வர்றோம். அம்மாவும் வர்றாங்க. பார்க்கிங் எங்க கிடைக்கும்? எத்தனை மணிக்கு வந்தா தேர் பார்க்கலாம்? மூணு மணிக்குத் திரும்பிடணும்." வீட்டுக்கு வருவதாக அதில் இல்லை. நான் அதை நாலு தடவை படித்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டும் படித்தேன். இல்லைதான்.

வாடிக்கையாளர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும், அதற்கப்புறம்தான் நம் கதை. எனவே கேட்டுக்கொள். ஆறரைக்கு அங்கிருந்து கிளம்புங்கள். ஏழரைக்கு மேல் கிளம்பினால் அத்திப்பள்ளியிலேயே உங்களுக்குப் பாதித் திருவிழா முடிந்துவிடும். தேர்ப்பேட்டைக்குள் வேனை விட மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு தாண்டி நம் மண்டிக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது, அங்கே போடச் சொல். தேர் புறப்படுமுன் மலைக்கு ஏறி இறங்கிவிடுங்கள். பங்குனி வெயிலில் பதினோரு மணிக்குப் படியில் கால் வைக்க முடியாது. பானகத்தை எந்தப் பந்தலில் வேண்டுமானாலும் குடிக்கலாம். மோரை மட்டும் ஐஸ் போடாத பந்தலாகப் பார்த்துக் குடியுங்கள், குழந்தைக்குச் சளி பிடிக்கும். திரும்பும்போது யாராவது, ராயக்கோட்டை போய்த் தக்காளி மலிவாக வாங்கிக்கொண்டு போகலாம் என்பார்கள். கேட்காதே. இருட்டினால் சானமாவுக் காட்டோரம் யானை இறங்கும். அது ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை வேனுக்குள் மூன்று குடும்பமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எருது விடும் விழாவுக்குக் குழந்தையைக் கூட்டிப் போகாதே. மாங்கனிக் கண்காட்சியைப் பார், ஆனால் அங்கே மாம்பழம் வாங்காதே.

உனக்குச் சிரிப்பு வரும். எல்லாத் திருவிழாவுக்கும் வழி சொல்கிற இந்த மனுஷன் ஒரு திருவிழாவையும் பார்த்தவன் இல்லை. உன்னையும் எல்லாவற்றுக்கும் கூட்டிப் போயிருக்கிறேன். கெலமங்கலம், தளி, கிருஷ்ணகிரி உரூஸ் என்று டெம்போவில் தார்களுக்கு நடுவே உன்னையும் ஏற்றிக்கொண்டு போவேன். எனக்குத் திருவிழா என்றால் எந்த வாசலில் கூட்டம் நுழையும், எந்த வாசலில் வெளியேறும், அவ்வளவுதான். நீ ஐந்தாவது படிக்கும்போது தேர்த்திருவிழா பற்றிக் கட்டுரை எழுதியது நினைவிருக்கிறதா? டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'தேர் வரும்போது எல்லாரும் திரும்பி நிற்பார்கள். அப்போது வியாபாரம் இருக்காது. அப்பா தண்ணீர் குடிப்பார்.' இவ்வளவுதான் எழுதியிருந்தாய். "தேரு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரிகூட இல்லீங்களே" என்றார் டீச்சர். எனக்கு உள்ளுக்குள் பெருமை. பையன் வியாபாரத்தைக் கவனிக்கிறான் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நீ பார்த்ததெல்லாம் சனங்களின் முதுகுதான் என்று அவளுக்கு உடனே புரிந்தது. எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆயிற்று.

இப்போது அந்தப் பழத்துக்கு வருகிறேன். நீ அதைப் பற்றி அப்புறம் என்னிடம் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை. ஆனால் உனக்கும் எனக்கும் நடுவில் ஆறு வருஷமாக அந்தப் பழம்தான் இருக்கிறது.

உனக்குக் கல்யாணமான முதல் பங்குனி. சௌம்யா வீட்டில், தும்கூர்ப் பக்கத்தில், புதுசாகக் கல்யாணமானவர்கள் அந்த வருஷத் தேருக்குச் சேர்ந்து போய், வாழைப்பழத்தில் தவனக் கொழுந்து செருகித் தேர்க்கலசத்தைப் பார்த்து எறிய வேண்டும். நம் ஊரிலும் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மற்றவர்கள் உப்பும் மிளகும் போடுவார்கள். "எங்க மாவா வாழைப்பழ வியாபாரி, பழத்துக்கா பஞ்சம்?" என்று அவள் தன் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. மாமாவை அவள் மாவா என்பாள், அவர்கள் வழக்கம். காலையில் வந்ததும் நான் நல்ல தாராகப் பார்த்து ஒரு சீப்பு ஏலக்கி அறுத்துக் கொடுத்தேன். அவள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த தவனத்தைத் தன் கையாலேயே செருகினாள். மஞ்சள் நூல் சுற்றினாள். ஈரத்துணியில் வைத்துச் சாக்குக்கு அடியில் வைத்தோம். மலை ஏறக் கிளம்பும்போது நீ திரும்பி, "அப்பா, வித்துடாதீங்க" என்றாய். "போடா, மருமக பழத்தை விக்கிறதுக்கு நான் என்ன கிறுக்கனா?" என்றேன். பக்கத்துக் கடையிலிருந்து பஷீர்கூடச் சிரித்தான்.

அன்றைக்கு இருந்த கூட்டம் உனக்குத் தெரியும். பத்தரைக்கெல்லாம் பழம் தீர்ந்துபோயிற்று. மண்டியிலிருந்து வரவேண்டிய டெம்போவைத் தடுப்புக் கட்டை போட்டு நிறுத்திவிட்டார்கள். தேர் அசையப் போகிறது. அப்போது ஒரு அம்மா, கூடப் பட்டு வேட்டியில் ஒரு மாப்பிள்ளை, தலை நிறையப் பூவோடு ஒரு பெண். எந்தக் கடையிலும் பழம் இல்லை, ஒரே ஒரு பழமாவது கொடுங்கள் என்று அந்த அம்மா கெஞ்சியது. ஒன்றைப் பிய்த்துக் கொடுத்திருந்தால்கூட இன்று நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. என் கை சாக்குக்கு அடியில் போயிற்று. முழுச் சீப்பையும் எடுத்துக் கொடுத்தேன். மூன்று மடங்கு விலை சொன்னேன். தவனம் செருகியிருக்கிறது என்று அதற்கும் சேர்த்துச் சொன்னேன். இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரக்கப்பட்டவன் மூன்று மடங்கு கேட்கமாட்டான். கேட்கிற ஆள் எதிரில் நின்று, சரக்கும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால், என் கை என்னைக் கேட்காது. அந்தக் கையால்தான் உன்னைப் படிக்கவைத்தேன். அந்தக் கையேதான் உன் பழத்தையும் விற்றது.

நீங்கள் ஓடி வந்தீர்கள். "மாவா, பழம் கொடி, தேரு பந்து!" என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக, பழத்தைக் கொடுங்கள், தேர் வந்துவிட்டது என்று, மூச்சு வாங்க, இரண்டு கையையும் நீட்டினாள். "அதாம்மா... வித்துப்போச்சு" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "மூணு மடங்கு வந்துச்சு, இந்தா, நீயே வச்சுக்கோ" என்று அந்தப் பணத்தை அவளுடைய நீட்டிய கையில் வைத்தேன். உனக்கு முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன். அவள் பணத்தைத் திருப்பிப் பலகைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற யாரிடமோ ஒரு பிடி உப்பு வாங்கித் தேர்மேல் போட்டாள். அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. பழம் எறிந்தீர்களா என்று கேட்டிருப்பார். "ஹூம் அம்மா, எஸெத்வி" என்றாள். ஆமாம்மா, எறிந்தோம். எனக்குக் கன்னடம் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் என் எதிரிலேயே, என்னைக் காப்பாற்றுவதற்கு, பெற்ற தாயிடம் பொய் சொன்னாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். தேர் வரும்போது அப்பா தண்ணீர் குடிப்பார்.

நீ போகும்போது ஒரே வார்த்தை சொன்னாய். "உங்களுக்கு எடுத்து வைக்கத் தெரியாதுப்பா. விக்கத்தான் தெரியும்." அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஒரு சீப்புப் பழத்துக்கு இவ்வளவா என்று அம்மாவிடம் கத்தினேன். அதற்குப் பிறகு நீ தேருக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்தாய், தீபாவளிக்கு வந்தாய், பையைத் திறக்காமலே திரும்பிப் போனாய். அப்புறம் குழந்தை பிறந்தது. மூன்று மாதத்துக்கென்று அம்மா அங்கே வந்தாள். அந்த மூன்று மாதம் இப்போது நாலு வருஷம். நான் குறை சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், குழந்தையை யார் பார்ப்பது? "நீங்களும் இங்க வந்துடுங்களேன்" என்று அவள் தினமும் எட்டு மணிக்குச் சொல்வாள். "கடை?" என்பேன். "ஆமா, கடையைக் கட்டிக்கிட்டு அழுவுங்க" என்று வைத்துவிடுவாள்.

இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டதில்லை, கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். முன்பு நாற்பது நாள் வந்த கேஸ் சிலிண்டர் இப்போது ஆறு மாதம் வருகிறது. சிலிண்டர் கொண்டுவருகிறவர், "ஊர்ல இல்லீங்களா?" என்று கேட்கிறார். இருக்கிறேன், மெஸ்ஸில் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மண்டியிலிருந்து ஒரு சீப்பு வீட்டுக்கு எடுத்துப் போனால் பாதி கறுத்துப்போகிறது. வாழைப்பழ வியாபாரி வீட்டில் பழம் அழுகுகிறது பார். அம்மா பார்க்கிற சீரியலைச் சத்தத்துக்காகப் போட்டு வைக்கிறேன். கதைகூடப் புரிய ஆரம்பித்துவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறு உன் வீட்டுக்கு வருகிறேன். போன தடவை செருப்பைக் கழற்றும்போதே குழந்தை, "தாத்தா, எத்தனை மணிக்குப் போவீங்க?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. சாயங்காலமே போய்விடுகிறவரிடம் அவள் அப்படித்தானே கேட்பாள்? ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களில் உன் வீடு எனக்கு முதலாவது.

அங்கே ஒன்று பார்த்தேன், சொல்லாமல் விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்து லேப்டாப்பில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாய். உன் நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து குழந்தை உன் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். நீ திரும்பவில்லை. அவளும் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுவாள், முரளி. உனக்குச் சம்பாதிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டு மனுஷருக்கென்று ஒதுக்கிவைத்த நேரத்தை எவ்வளவு பெரிய ஆள் வந்து கேட்டாலும் கொடுக்காதே. கேட்கிற ஆளுக்கு எப்போதும் அவசரம் இருக்கும். அவருக்கு இன்னொரு கடை கிடைக்கும்.

உன் செய்தி வந்த மறுநாள் சௌம்யாவின் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஆறு வருஷத்தில் நானாகப் போட்டது அதுதான் முதல் தடவை. அவர் பயந்துபோய், குழந்தைக்கு என்ன என்றார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, உங்கள் பெண் அன்றைக்குப் பழம் எறியவில்லை, நான்தான் விற்றுவிட்டேன், அவள் எனக்காகப் பொய் சொன்னாள் என்று என் மண்டிக் கன்னடத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். "அவத்தே கொத்தாய்து ரீ" என்றார். அன்றைக்கே தெரியுமாம். பெற்றவளுக்குப் பெண்ணின் குரல் தெரியாதா என்றார். ஆறு வருஷம் தெரிந்துகொண்டே, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துப் பேசியிருக்கிறார். முதல் வருஷம்தான் எறிய வேண்டுமா, இப்போது எறிந்தால் ஆகாதா என்று கேட்டேன். குழந்தையையும் தூக்கிவைத்துக்கொண்டு எறிந்தால் இன்னும் நல்லது என்றார். அவர் அப்போதே உண்டாக்கிய சாஸ்திரமோ என்னவோ, நான் துருவிக் கேட்கவில்லை. வைக்கும்போது மட்டும், "ஈ ஸல மாரபேடி ரீ" என்று சிரித்தார். இந்தத் தடவை விற்றுவிடாதீர்கள் என்று.

அதனால்தான் பஷீரிடம் போனேன். வேறு வழி யோசித்துப் பார்த்தேன். வீட்டில் பூட்டிவைக்கலாம், சாவி என்னிடம்தான் இருக்கும். ஆளிடம் கொடுத்து வைக்கலாம், ஆளை நான் அதட்டினால் கொடுத்துவிடுவான். பலகைக்குப் பின்னால் நான் நிற்கிறவரைக்கும் என்னை நம்ப முடியாது. முக்கை இந்தத் தேருக்கு நீ எடுத்துக்கொள் என்றதும் பஷீர் பொரிப்படியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணே, போன வருசம் ஒரு அடி தள்ளிப் பலகை போட்டதுக்கு மூணு மாசம் எங்கூடப் பேசாம இருந்தீங்க. இப்ப முழு முக்கும் எடுத்துக்கோன்றீங்க. டாக்டர்கிட்ட போனீங்களா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. பையன் வர்றான்."

"பையன் வந்தா கூட ஒரு ஆள் கெடைச்சான்னு கடை பெருசாத்தான் போடுவீங்க!"

"இந்த வாட்டி அவன்கூட நின்னு தேர் பாக்கலாம்னு."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு கை நீட்டினது எனக்கும் கண்ணுலயே இருக்குதுண்ணே" என்றான். அவன் பார்த்திருக்கிறான் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். பிறகு பழையபடி, "சரி, நீங்க கடை போடலேன்னா தேரு நகருமான்னு பாக்கலாம்" என்று டீ சொன்னான்.

வீட்டுக்கு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வேனில் வேறு மனுஷர்கள் இருக்கிறார்கள், மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும், எல்லாம் தெரியும். சாவி என் சட்டைப்பையில் இருக்கும், அவ்வளவுதான். நான் கேட்பது ஒன்று. மலையிலிருந்து இறங்கியதும் பத்தரைக்கு முக்குக்கு வா. சௌம்யாவிடம் முன்கூட்டிச் சொல்லிக் கூட்டிவா. அவள் மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. மாட்டேன் என்று சொல்ல அவளுக்குப் பாத்தியதை உண்டு. வந்தால் குழந்தையை நான் தோளில் வைத்துக்கொள்கிறேன். அவள் முதுகுகளைப் பார்க்கக் கூடாது. நீங்கள் வரத் தாமதமானாலும் நான் அங்கேதான் நிற்பேன், பலகைக்கு வெளிப்பக்கம், வாங்குகிறவர்கள் நிற்கிற பக்கம். அந்தப் பக்கம் நின்றால் தேர் எப்படித் தெரியும் என்று எனக்கும் தெரியாது.

பஷீரோடு பேசி முடித்தது இது. தேரன்று காலையிலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை முக்கு அவனுடையது. வாடகை கிடையாது, லாபத்தில் பங்கு கிடையாது, அடுத்த வருஷம் முக்கு யாருக்கு என்பதை அடுத்த வருஷம் பேசிக்கொள்வது. அதற்குப் பதிலாக அவன் தரவேண்டியது இரண்டு சீப்பு ஏலக்கி. தவனம் செருகி, மஞ்சள் நூல் சுற்றி, சாக்குக்கு அடியில் வைக்காமல், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி பந்தல் கம்பில் கட்டித் தொங்கவிட வேண்டும். மருமகள் வந்து கை நீட்டினால் கொடுக்க வேண்டும். வேறு யார் வந்து எவ்வளவு கொடுப்பதாகச் சொன்னாலும் விலை சொல்லக் கூடாது. நான் கேட்டாலும்கூட.